முக்கால் மைல் பெட்ரோல்

காரின் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விடுவதற்கு முன் நேசையா ஒரு தடவை ஷெட் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சுப்ரஜா காப்பி எடுத்துவர உள்ளே போயிருந்தாள். சட்டென்று தரையில் விரித்திருந்த மிதியடியை விலக்கிக் கையை நுழைத்தார். விரலுக்குப் பித்தளை தட்டுப்பட்டது. மொபெட்டில் தொட்டிக்கு அடியில் இருக்குமே, திருப்பினால் பெட்ரோல் நின்றுவிடும், அதே மாதிரி ஒரு காக்கு. அதன் காது குழாயோடு சேர்ந்து நேராக இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது. நேராக இருக்கட்டும் ஆண்டவரே என்று அவர் வேண்டிக்கொண்டது ஆறு மாதமாக. ஜெபம் செய்கிற நேரத்தில் பாதியை இந்தக் காக்குதான் தின்றிருந்தது.

அது குறுக்கே நின்றது.

அவர் கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் நாற்பது வருஷமாக வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்த மனுஷன்.

இந்தக் காக்கை வைத்தது அவரேதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தொண்ணூற்று மூன்றில், ஆவுடைநாயகம் பிள்ளை ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். ரிட்டயர்டு தாசில்தார். நிலமெல்லாம் அப்பா காலத்திலேயே கரைந்துபோய், மிஞ்சியது இந்த வீடும் ஐம்பத்து நாலாம் வருஷத்து மோரிஸ் மைனரும்தான். அந்தக் காரை அவர் மகள் சுப்ரஜாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது ஊரே வாயைப் பிளந்தது. பொம்பளைப்பிள்ளை கார் ஓட்டுகிறாள் என்று அணைக்கட்டில் குளிக்கிறவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். ஆவுடைநாயகம் பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பேர் கூடியிருக்கும்போதுதான் சாவியை அவள் கையில் கொடுப்பார். அப்படி ஊரறியக் கொடுத்த சாவியை ஊரறியத் திரும்ப வாங்க முடியாமல் போனதுதான் வினை.

"வே நேசையா, எம்மவ அந்த டிராயிங் மாஸ்டர்கூட ஒரு மாதிரியா பழகுதா. ஏரல் கடைத்தெருவுல வச்சு ரெண்டு பேரையும் வண்டியில பாத்திருக்கானுவ," என்றார் பிள்ளை. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "கண்டிச்சா முறிஞ்சிரும். வண்டி நின்னுட்டா காலும் தன்னால நின்னுரும். ஒமக்கும் எனக்கும் தவிர மூணாவது ஆளுக்குத் தெரியக்கூடாது, என்ன?"

அவசரத்துக்கு வீட்டம்மாவுக்காவது சொல்லி வையுங்கள் ஐயா என்று நேசையாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரிய மனுஷன் வீட்டு விஷயம், நமக்கெதுக்கு வம்பு என்று முழுங்கிவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டாங்கிலிருந்து முன்னால் போகிற குழாயைப் பாதியில் அறுத்து, தரையில் இரண்டு துளை போட்டு சீட்டுக்கு அடியில் ஏற்றி இறக்கி, நடுவே காக்கைப் பொருத்தி, மேலே மிதியடியைப் போட்டு மறைத்தபோது, எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்கு ஒரு கர்வமே வந்தது. அந்தக் கர்வம்தான் இப்போது முள்ளாகக் குத்தியது.

காக்கை அடைத்தாலும் வண்டி உடனே நிற்காது. கார்புரேட்டரில் தங்கியிருக்கிற பெட்ரோலில் முக்கால் மைல் ஓடும். அதுதான் பிள்ளைக்குப் பிடித்திருந்தது. மகள் சந்தோஷமாகக் கிளம்பிப் போவாள், ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் வண்டி இருமி இருமி நிற்கும். பிறகு பிள்ளை போய், சீட்டில் உட்கார்ந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நிமிர்ந்து, சாவியைத் திருப்புவார். கொஞ்ச நேரம் பொறுத்துக் கிளம்பிவிடும். "ஒனக்கு இன்னும் கைப்பக்குவம் வரல தாயி" என்பார். நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் தனியாக எடுப்பதையே விட்டுவிட்டாள். டிராயிங் மாஸ்டரும் கோயில்பட்டிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகும் வண்டியை நிறுத்தினால் காக்கை அடைத்துவைக்கிற பழக்கத்தைப் பிள்ளை விட்டாரா என்பது மட்டும் நேசையாவுக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் பிள்ளை விழுந்தார். வாய் கோணிவிட்டது, பேச்சு இல்லை. அம்மாளும் மகளும் பக்கத்து வீட்டு ஆட்களும் தூக்கிப் பின் சீட்டில் கிடத்த, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக சுப்ரஜாதான் வண்டியை எடுத்தாள். பாலத்து நடுவில் நின்றுவிட்டது. கடைசியில் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு லாரியில், தார்களுக்கு நடுவே கிடத்திக் கொண்டுபோனார்கள். கருங்குளம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துஷ்டி விசாரிக்க வந்த நேசையா, நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விடுவதைப் பார்த்தார். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை. சுப்ரஜா இரண்டு முறை ஆள் அனுப்பியும் முதுகுவலி, மூட்டுவலி என்று சாக்குச் சொல்லி, மூன்றாவது முறை அவளே பட்டறைக்கு வந்து நின்றபோதுதான் மாட்டிக்கொண்டார்.

"பைப்பு பூராத்தையும் மாத்திருங்க அண்ணாச்சி. பழசு ஒண்ணுகூட இருக்கப்படாது," என்றிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு நேசையா கையை உருவிக்கொண்டார். சுப்ரஜா காப்பியை வைத்துவிட்டு ஷெட்டிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முப்பதை நெருங்குகிறவள், ஆறு மாதத்தில் நாற்பது மாதிரி ஆகிவிட்டிருந்தாள். பின்கட்டில் அவள் தாயார் ராஜராஜேஸ்வரி அம்மாள் யாரிடமோ பேசுகிற சத்தம் ஷெட் வரைக்கும் கேட்டது. "ஓட்டத் தெரியாதவ கையில சாவியக் குடுத்தாவ. கொண்டுபோயி பாலத்துல நிறுத்திட்டா." துக்கம் விசாரிக்க யார் வந்தாலும் இந்த வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் வரும் என்று நேசையா ஊரில் கேள்விப்பட்டிருந்தார். சுப்ரஜா தலையைக் குனிந்து புடவையில் இல்லாத ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வேலையில் புகுந்தார். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை வடித்துவிட்டு, டாங்கிலிருந்து பம்பு வரைக்கும் குழாயைக் கழற்றினார். கழற்றுகிற சாக்கில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காக்கை உருவிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுச் செப்புக் குழாயை வண்டியின் அடிவயிற்றோடு வளைத்துக்கொண்டு போய், நுனியை விரித்து, நட்டை முடுக்கி, இடையிடையே ரப்பர் வைத்துக் குழாயைப் பிடிக்கிற கவ்விகளைப் போட்டார். நடுவில் வெட்டு இல்லாத ஒரே குழாய். நாற்பது வருஷத்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்து அவர் ஒரு குழாய் போட்டதில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த இரண்டு துளையையும் தகரம் வைத்து மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் இன்றைக்கு மறைத்து ஏதாவது காரணம் சொல்லிவிட்டால் சுப்ரஜாவுக்கு ஒரு பதிலாவது கிடைக்கும் என்று நினைத்தார்.

"எங்கன அடைச்சிருந்துச்சு அண்ணாச்சி?"

"துருதான் பாப்பா. பழைய குழாயில்லா. துரு சேந்து அடைச்சிட்டு. யாரு ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும்."

சொன்னதும் அவருக்கே மனசு லேசானது. நல்ல பொய். ஆனால் அவர் பாட்டுக்கு வண்டிக்கு அடியில் கவ்வியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, மேலே உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. தலையை நீட்டிப் பார்த்தார். சுப்ரஜா சாக்கின் மேல் கிடந்த பழைய குழாயை எடுத்து ஒரு நுனியை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். மறுநுனியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அடுத்த துண்டையும் எடுத்து ஊதினாள். அவள் உதட்டில் துரு ஒட்டியிருந்தது.

"ரெண்டுலயும் காத்து போகுதே," என்றாள். "எதுலயும் அடைப்பு இல்லையே அண்ணாச்சி."

நேசையா ஸ்பானரைத் தரையில் வைத்தார்.

"இது ஏன் ரெண்டா இருக்கு? நீங்க அறுக்கலையே, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நுனியில நட்டு இருக்கு. நடுவுல என்ன இருந்துச்சு?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நேசையாவின் புளுகு எட்டு நிமிஷம் நிற்கவில்லை. அவர் வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, பையிலிருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பிள்ளை கூப்பிட்டனுப்பியது, ஏரல், டிராயிங் மாஸ்டர், தான் முழுங்கிய வார்த்தை, முக்கால் மைல் கணக்கு எல்லாவற்றையும் சொன்னார். "நான் சொல்லியிருக்கணும் பாப்பா. அம்மாட்டயாவது சொல்லியிருக்கணும். நாந்தான் பாவி," என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் அழுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

சுப்ரஜா அழவில்லை. காக்கைத் தொடவும் இல்லை. "அப்பா அன்னைக்குப் பின்னால இருந்து என் சீட்டைத் தட்டிக்கிட்டே இருந்தாவ," என்றாள். "இடது கை மட்டுந்தான் அசைஞ்சுது. கீழ கீழ கொண்டுபோயி தட்டுனாவ. சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு சொல்லுதாவன்னு நெனச்சேன். நான் இன்னும் மிதிச்சேன் அண்ணாச்சி. நல்லா மிதிச்சேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். நேசையா தரையில் கிடந்த காக்கைப் பார்த்தார். பிள்ளை கடைசி முக்கால் மைலும் அதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறார்.

"வா பாப்பா, அம்மாட்ட சொல்லிருவோம். நானே சொல்லுதேன். ஓம்மேல ஒரு தப்பும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

"வேண்டாம்."

"ஆறு மாசமா ஒன்னைய வார்த்தையால கொல்லுதாவளே?"

"எம்மேல கோவம்னா நாலு வார்த்தை ஏசுவா. ஏசிட்டுச் சோறு போடுவா. அப்பா மேல கோவம் வந்துட்டுன்னா எங்கன போயி ஏசுவா?" அவள் முந்தானையால் உதட்டுத் துருவைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கன்னம் வரைக்கும் பரவியது. "எம்மேலயே இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்குத் தெரியுமில்ல, அது போதும்."

போதாது என்று அவருக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

புதுப் பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பியதும் பம்பு டிக் டிக்கென்று அடித்து நிறைந்து ஓய்ந்தது. இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ராஜராஜேஸ்வரி அம்மாள் பின்கட்டிலிருந்து வேகமாக வந்தாள். பொட்டில்லாத நெற்றியில் திருநீறு. காரையே பார்த்துக்கொண்டு நின்றவள், மகள் டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்திருப்பதைக் கண்டதும் முகம் மாறினாள்.

"நேசையா, நீரே ஓட்டிப் பாரும். அவ கையில குடுக்காதேயும். அவ ஓட்டுனா நின்னுரும்."

நேசையா வாயைத் திறந்தார். சுப்ரஜா அவரை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அவள் கதவிலிருந்து கையை எடுத்து, "நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்," என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

தெருவில் மாடுகள், கடைத்தெருவில் வாழையிலைக் கட்டுகள், முடுக்குச் சந்தில் ஒரு ஜீப். நேசையா பைய ஓட்டினார். கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, மறுபடி மிதித்து. வண்டி பால் குடித்த பிள்ளை மாதிரி ஓடியது. ஆனால் ஏதோ ஒரு சத்தம் மட்டும் உறுத்தியது. லேசாக, டக். கொஞ்சம் கழித்து மறுபடி, டக். புதுக் குழாய் எங்கேயாவது தட்டுகிறதோ, கவ்வியைச் சரியாக முடுக்கவில்லையோ என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டார். மேட்டில் ஏறும்போது கியரை இறக்கினார், டக். பாலத்தில் ஏறியதும் கியரை மாற்றினார், டக். தான் கிளட்சை மிதிக்கிற நேரத்தில்தான் அது கேட்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தார். சுப்ரஜா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கால், வெறும் தரையை மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது.