கயிற்றுக்கு அப்பால் முப்பது அடி

கல்யாணமாகி இருபது வருடத்தில் கணவனும் மனைவியுமாகப் போன முதல் பயணம் அது. அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் ஒரு பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுபவள். அந்த மலைத் தேசியப் பூங்காவில் மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லும் தொடங்கும் இடம்வரை வண்டி போனது. அதற்கு மேல் நடை. பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்கு முன்னால் வனக்காவலர் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

"கயிறு கட்டின பாதையை விட்டு யாரும் இறங்காதீங்க. கரடி குட்டியோட திரியிற நேரம்."

"கேட்டுச்சா?" என்றார் வாத்தியார் மனைவியிடம், ஏதோ அவள்தான் இறங்கி ஓடப்போகிறவள் மாதிரி.

செங்குத்துப் பாறையில் காட்டாடுகள் ஆணியடித்ததுபோல் நின்றன. ஒரு கழுகு அவர்கள் காலுக்குக் கீழே பறந்தது. "கழுகோட முதுகை இப்பத்தாங்க பார்க்கிறேன்" என்று அவள் சிரித்தாள்.

சற்றுத் தள்ளிச் சரிவில் ஒரு கரடிக்குட்டி புரண்டுகொண்டிருந்தது. மூச்சு வாங்கிப் பின்தங்கிய ஒருவருக்குக் கைகொடுக்கக் காவலர் திரும்பிய நேரம், வாத்தியார் கயிற்றைத் தாண்டினார்.

"ஏங்க, வேணாங்க. வந்துடுங்க."

"ஒரே ஒரு போட்டோ. சத்தம் போடாதே, ஓடிடும்."

முப்பது அடி போயிருப்பார். பாறைக்குப் பின்னாலிருந்து தாய்க்கரடி பாய்ந்து அவர் கையைக் கவ்வியது. காவலர் ஓடிவந்து முதலில் வானத்தை நோக்கிச் சுட்டார். கரடி பிடியை விடவில்லை. இரண்டாவது குண்டு அதன் கழுத்தில் இறங்கியது.

வாத்தியாரின் இடது கை தோளிலிருந்து முழங்கைவரை கிழிந்திருந்தது. அவள் சால்வையால் இறுக்கிக் கட்டினாள். வெடிச்சத்தத்தில் ஓடிய குட்டி திரும்பி வந்து, செத்துக் கிடந்த தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் தேடியது. காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியோவில் ஆள் கூப்பிட்டார்.

அடிவார மருத்துவமனையில் கை பிழைத்தது. விரல்கள் மடங்காது என்றார்கள். மறுநாள் காலை விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் சொன்னதும், வாத்தியார் அவளைப் பக்கத்தில் அழைத்தார்.

"நான் பாதையிலதான் நின்னேன், கரடிதான் ஏறி வந்துச்சுன்னு சொல்லு. இல்லேன்னா கேஸாகி என் வேலைக்கே உலை வச்சிடும்."

"பாதையைச் சரியாப் பார்க்கலேன்னு பழி அந்தக் காவலர் தலையில விழுமே?"

"அவன் யாரு, உன் கூடப்பிறந்தவனா?"

அதிகாரி கேட்டபோது அவள் கட்டில் பக்கம் பார்க்கவில்லை. "இவருதாங்க கயிறைத் தாண்டிப் போனாரு. நான் கூப்பிட்டேன், கேட்கலை. காவலர் மேல ஒரு தப்பும் இல்லை."

அதிகாரி வெளியேறியதும் வாத்தியார் சொன்னார்: "கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துட்டியே."

பிறகு அவளிடம் பேசவில்லை. ஊட்ட வந்தால் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காவலர் வந்து வராந்தாவில் தயங்கி நின்றார்.

"குட்டி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"பிடிக்கப் போனோம்மா. பயந்து பள்ளத்துல விழுந்து செத்துடுச்சு." தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார். "அந்த ரெண்டாவது குண்டுதான் தூங்க விடமாட்டேங்குது."

அவள் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

உள்ளே வாத்தியார் தண்ணீர் வேண்டுமென்று நர்ஸைக் கூப்பிட்டார். அவள் எழுந்துபோய் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நர்ஸ் வரும்வரை அவள் டம்ளரோடு நின்றாள்.