செத்த படலம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரை என்னை நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யேவ்லே ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில் எங்கள் சின்னக் கதிர்வீச்சு அளவீட்டுக் கூடம். மொத்தம் மூன்று பேர். சிக்ஸ்டன் கருவிகளைப் பார்த்துக்கொள்வான். தூவா அளப்பாள். நான், யோர்டிஸ், அவள் அளந்ததைக் கணினியில் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பேன்.

எங்கள் டிடெக்டருக்குள் இருப்பது ஒரு கைப்பிடி அளவு ஜெர்மேனியம் படிகம். காமாக் கதிர் வந்து மோதினால் ஒரு துடிப்பு காட்டும். அதன் மேல்தோல் மட்டும் எதையும் உணராது. அங்கேயே நின்றுபோன கதிர் எண்ணிக்கையில் வராது. அதைத்தான் நாங்கள் செத்த படலம் என்போம். வருஷம் ஏற ஏற அது தடிக்கும். எவ்வளவு தடித்தது என்று யாரும் வெட்டிப் பார்க்க முடியாது.

அதே டிடெக்டரைக் கணினிக்குள் அச்சு அசலாக வரைந்து, கோடிக்கணக்கில் கதிர்களை எறிந்து, எத்தனை பிடிபடும் என்று பார்ப்பது என் வேலை. நிஜத்தில் தூவா அளந்ததும் என் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். போகாது. இந்தத் தொழிலில் அப்போது என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். கணக்கில் செத்த படலத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். உடனே ஒத்துப்போனது. நாலு வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை. டிடெக்டரோடு வந்த சீட்டில் 0.7 மில்லிமீட்டர் என்று இருந்தது. என் கணக்கில் 2.1 ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"இந்த வருஷம் உன் படலம் எவ்ளோ குண்டாகப்போகுது யோர்டிஸ்?" என்று அன்று காலையிலும் சிக்ஸ்டன் வம்புக்கு இழுத்தான். "இப்படியே போனா உள்ள படிகமே இருக்காது, வெறும் தோல்தான் இருக்கும்."

"உன் வாய்க்கு ஒரு படலம் போட்டா நல்லாருக்கும்," என்றேன்.

தூவா சிரித்தாள். அவளுக்கு ஏழு மாதம். இன்னும் மூன்று வாரத்தில் லீவில் போகிறாள். ஒவ்வொரு அளவுக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் அளவு அறையிலேயே நாற்காலி போட்டு, பிறக்கப்போகிற குழந்தைக்குக் கம்பளிப் போர்வை பின்னிக்கொண்டிருப்பாள். மூத்தவன் மெல்கருக்கு இரண்டு வயது. அவன் வயிற்றில் இருந்தபோதும் அவள் அதே நாற்காலியில்தான் பின்னினாள்.

இத்தனை வருஷமும் சோதனைக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சீசிய வில்லை, சீசியம் என்ற கதிர்வீசும் பொருளை உள்ளே அடைத்தது. அன்று புதிதாக ஒரு அமெரிசிய வில்லை வந்திருந்தது. அமெரிசியத்தின் கதிர் சோனி. 2.1 மில்லிமீட்டர் செத்த படலத்தைத் தாண்டி உள்ளே வர அதற்குத் தெம்பு போதாது. ஏதோ கொஞ்சம்தான் தெரியும் என்று என் கணக்கு சொன்னது. தூவா அளந்து கொண்டுவந்த எண் அதைப் போல நாலு மடங்கு இருந்தது.

படலத்தைப் பழையபடி 0.7 ஆக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினேன். அப்படியே பொருந்தியது.

படிகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. படலம் தடிக்கவே இல்லை. அப்படியென்றால் நாலு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது எது? சீசிய வில்லைதான். இயற்கையாகத் தேய்வதைக் கழித்த பிறகும் அதில் நூற்றுக்கு ஏழு பங்கைக் காணோம்.

அது எங்கே போயிற்று?

பழைய கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு வருஷமும் வில்லையை எடுத்துவிட்டு டிடெக்டரை மூடியிருக்கும் வெறும் ஈயப் பெட்டியையும் அளப்போம். ஒவ்வொரு பொருளின் கதிருக்கும் திரையில் ஒரு எண்; சீசியம் நிற்கும் இடம் 662. வெறும் பெட்டியிலும் அங்கே ஒரு சின்ன முனை இருக்கும். யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. 86-இல் செர்னோபில் அணு உலை வெடித்துக் கிளம்பிய மேகம் மழையாக இறங்கியது எங்கள் தலையில்தான். எங்கள் காட்டுக் காளானில் சீசியம், எல்க் மான் கறியில் சீசியம், வண்டி டயரில் ஒட்டிய மண்ணில் சீசியம். "செர்னோபில்" என்று ஒரு வார்த்தை எழுதி, அந்த எண்ணைக் கழித்துவிட்டுக் காபி குடிக்கப் போவோம். எழுதியது நான். நாலு வருஷமும் என் கையெழுத்து.

செர்னோபில் சீசியம் வருஷா வருஷம் குறைய வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்தது கூடிக்கொண்டே வந்திருந்தது. முழுப் பூசணிக்காயை நானே சோற்றில் மறைத்து, அதன் மேல் கழித்தல் குறியும் போட்டிருக்கிறேன்.

சிக்ஸ்டனைத் தனியாகக் கூப்பிட்டேன். "வில்லை கசியுது."

"போடி. வருஷா வருஷம் நான்தானே துடைச்சுப் பாக்கறேன். காகிதத்துல ஒண்ணும் வந்ததில்ல."

"அந்தக் காகிதத்தை எதுல வெச்சு அளந்தே?"

"நம்ம பெட்டியிலதான்..."

"அளந்துட்டு என்ன பண்ணினே?"

அவன் தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். வெறும் பெட்டியின் அளவைக் கழித்திருக்கிறான். பெட்டியே கறைபட்டிருந்தால் எதைக் கழித்தாலும் சுத்தம் என்றுதான் வரும்.

"வாசல்ல, கையில கறை இருக்கான்னு பாக்கற கருவி இருக்குல்ல? அது கத்தியிருக்குமே?" என்றேன்.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு வருஷம் முன்னாடி எல்க் வேட்டை சமயத்துல ஓயாம கத்துச்சு. எல்லாரும் கறி வெட்டிட்டு வந்த கைன்னு நெனச்சேன். அலாரம் அடிக்கற அளவை ஏத்தி வெச்சிட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வில்லையை எடுக்க நீள இடுக்கி இருக்கிறது. இடுக்கியால் வைத்தால் வில்லை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும், என் கணக்குக்கு அது ஆகாது. "கையுறையக் கழட்டிட்டு விரலாலயே வெச்சிடு தூவா, ஒரு நிமிஷ வேலைதானே" என்று சொன்னவள் நான். சீசியம் உப்பு மாதிரி. ஈர விரல் பட்டால் போதும், ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

சிக்ஸ்டன் கைக்கருவியை எடுத்துக்கொண்டு அளவு அறைக்குள் போனான். பெட்டியின் கதவில் கருவி படபடத்தது. நாற்காலிக் கையில் இன்னும் வேகமாக. கீழே தூவாவின் நூல் பை இருந்தது. அதன் பக்கம் கொண்டுபோனதும் தனித்தனித் துடிப்பே கேட்கவில்லை, ஒரே இரைச்சல்.

தூவா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் கம்பளிதானே? ஏன் அப்படிக் கத்துது?"

சொன்னேன். உட்கார வைத்து, ஒன்றையும் விடாமல், என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தால் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி முடிச்சுப் போடுகிற பழக்கம் அவளுக்கு. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"இந்தப் போர்வை இன்னும் குழந்தை மேல படல," என்றாள் மெதுவாக. "தூக்கிப் போட்டுடலாம். என்னை அளந்து பாருங்க. பெரியவங்க உடம்புலேருந்து ரெண்டு மூணு மாசத்துல பாதி போயிடும்தானே? போயிடும்தானே யோர்டிஸ்?"

"போயிடும்," என்றேன்.

பிறகு அவள் நூல் பையைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அதே நொடியில்தான் உறைத்தது. போன பனிக்காலத்துக்கு முந்திய பனிக்காலத்தில் மெல்கருக்குப் பின்னியது. அதே நாற்காலி, அதே பை. மஞ்சள் நிறத்தில், காதை மூடுகிற தொப்பி.

"கயித்தை," என்றாள். "அந்தத் தொப்பிக் கயித்தை அவன் எப்பவும் வாயிலதான் வெச்சிருப்பான். அதைச் சப்பாம தூங்கவே மாட்டான்."

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு நான் போன் செய்தேன். நாளைக் காலை ஆள் வரும், அதுவரை கூடத்தைப் பூட்டி வையுங்கள் என்றார்கள். தூவா கேட்கவில்லை. "நம்மகிட்ட டிடெக்டர் இருக்கு. இன்னிக்கே பாருங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கட்டிடத்தின் சுத்தமான அறைக்கு டிடெக்டரை மட்டும் தள்ளிக்கொண்டு போனோம். உறையை மூன்று முறை துடைத்து, வெற்று அறையை அளந்தேன். 662-இல் ஒன்றுமே இல்லை. இந்த ஊரில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததே இல்லை. மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. தூவாவின் கணவன் மெல்கரைக் குளிப்பாட்டி, கடையில் அப்போதுதான் வாங்கிய துணியைப் போட்டு அழைத்துவந்தான். தோலிலும் துணியிலும் ஒன்றும் இல்லை என்று சிக்ஸ்டன் உறுதி செய்தான். இனி ஏதாவது தெரிந்தால் அது உள்ளே இருப்பதுதான்.

குழந்தை ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். தொப்பி எங்கே என்று இரண்டு முறை கேட்டான். தன் கையிலும் துணியிலும் கறை இருக்கும், அவனைத் தூக்கக்கூடாது என்பதால் தூவா கண்ணாடிக்கு அப்பால் என் பக்கத்தில் நின்றாள்.

கணக்கில் செத்த படலத்தை 0.7 என்று வைத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

முதல் நிமிஷம் திரையில் புள்ளிகள் சிதறி விழுந்தன. இரண்டாவது நிமிஷம் 662-இல் சில புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. நாலாவது நிமிஷத்தில் அது முனை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அது வளர்ந்துகொண்டே போனது.

தூவா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"யோர்டிஸ், எப்பவும் சொல்வியே. அது செர்னோபில்தான்னு சொல்லேன்."