பாலை எங்கே வைப்பது

வினிதாவுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. வீடு திருவொற்றியூர் குப்பத்தில். கணவன் வெற்றி விசைப்படகில் கடலுக்குப் போனால் கரைக்கு வர பத்து நாளாகும். ஐந்து மாதக் குழந்தை மகிழினியை நாத்தனார் ஷாலுவிடம் கொடுத்துவிட்டு, தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், மரத்துப்போன கைகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாள். துணி மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பிழிந்து கண்ணாடி பாட்டிலில் அடைப்பாள். கம்பெனியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. சின்ன ஹாட் பாக்ஸ் ஒன்றில் ஐஸை நிரப்பி அதற்குள் பாட்டிலைச் சொருகிவிடுவாள். சாயங்காலம் ஷாலுவின் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பகலுக்குக் குழந்தைக்கு ஆகும்.

வீடு போய்ச் சேர்கிற அந்த ஆறு கிலோமீட்டர்தான் பெரும்பாடு. பால் மட்டும் என்றால் பரவாயில்லை. முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ், ஈரமான ஏப்ரன், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாமும் இருக்கிறது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு கேரியரில் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினாள். தண்டையார்பேட்டைப் பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. வீட்டில் திறந்து பார்த்தபோது பாட்டில் விரிசல் விட்டு, ஐஸ் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. அதைச் சாக்கடையில் ஊற்ற மனசு வராமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பையை ஹாண்டில்பாரில் மாட்டினாள். அது ஆடி ஆடி முழங்காலில் இடித்தது. லாரிகளுக்கு நடுவே சைக்கிளையும் ஒரு பக்கமாக இழுத்தது. புதன்கிழமை முதுகுப் பையில் போட்டாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. பைக்குள் டப்பா சாய்ந்து, ஐஸ் தண்ணீரும் முதுகில் ஒழுகியது.

பக்கத்து மேசையில் இறால் உரிக்கும் கௌசர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மத்த சாமான கேரியர்ல கட்டு. பால் டப்பாவ மட்டும் துப்பட்டாவுல சுத்தி முன்னாடி கட்டிக்க. கொயந்தைய கட்ற மாரி."

வியாழக்கிழமை அப்படியே செய்தாள். மார்புக்குக் கீழே டப்பா சில்லென்று ஒட்டிக்கொண்டது. சைக்கிள் பள்ளத்தில் இறங்கினாலும் குலுக்கலை உடம்பு வாங்கிக்கொண்டது.

அன்று எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு லாரிகளுக்கு இடையில் நுழைந்தாள். கேரியர் பை லாரிப் படியில் மாட்டி ட்யூப் அறுந்தது. பை லாரிக்கு அடியில் உருண்டது. அந்த நேரம் பார்த்து லாரி நகர்ந்தது. நசுங்குகிற சத்தம் கேட்டது. அவள் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். லாரி நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். நரைத்த மீசை. அவரும் காலையிலிருந்து அந்த வரிசையில்தான் நிற்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னாம்மா?"

"பை உள்ள பூட்ச்சுண்ணா."

"குனிஞ்சு எட்த்துக்கயேன். வண்டிய நிறுத்திட்டேன்ல."

"குனிய முடியாதுண்ணா. டப்பா சாஞ்சிடும்."

"அப்டி இன்னா கீது அதுல?"

"பால். கொயந்தைக்கு."

அவர் டப்பாவைப் பார்த்தார். என்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, தரையில் படுத்து, கையை நீட்டிப் பையை இழுத்தார். டிபன் பாக்ஸ் தட்டையாகியிருந்தது. ஒரு பூட்ஸ் கிழிந்திருந்தது. தார்ப்பாய் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டை அறுத்து, அவரே பையைக் கேரியரில் வைத்துக் கட்டினார். பின்னால் ஹாரன்கள் அலறின.

"ஓரமா போ," என்றார். அவ்வளவுதான்.

அவள் வீடு சேர ஏழு மணியாகிவிட்டது. குழந்தையின் அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது.

"எங்கண்ணி பூட்ட? அய்து அய்து தொண்ட கட்டிக்கிச்சு," என்று ஷாலு குழந்தையை நீட்டினாள். வினிதா முதலில் துப்பட்டாவை அவிழ்த்து டப்பாவை அவளிடம் கொடுத்தாள். ஷாலு திறந்து பார்த்தாள். ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது. பாட்டில் முழுசாக இருந்தது.

"ஒரு சொட்டு சிந்தல அண்ணி!"

வினிதாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். மகிழினி வாயை வைத்ததும் அழுகை நின்றது.

"பூட்ஸ் கிய்ஞ்சு கீதே, நாளிக்கு இன்னா பண்ணுவ?"

கேரியர் பையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள் ஷாலு. திரும்பிப் பார்த்தாள். குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. வினிதா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். ஷாலு குழந்தையின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.