கவிழ்த்து வைத்த அட்டைகள்

மைதே ஒலிவேராவின் மென்பொருள் குழு வேலை செய்யும் அழகைப் பார்க்க மற்ற மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று கணிக்கும் கூட்டம் மற்ற குழுக்களில் சந்தைக்கடைதான். ஒருவன் இரண்டு என்பான், இன்னொருத்தி இருபது என்பாள், அதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். மைதேயின் மேஜையில் அந்தப் பேச்சே கிடையாது. அவள் வேலையைப் படித்துச் சொல்வாள். மற்ற மூவரும் வேலை பெரிதாக இருந்தால் பெரிய எண் என்று, ஆளுக்கொரு எண் அட்டையைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து. ஒருவர் எண்ணைப் பார்த்து இன்னொருவர் போடக் கூடாது என்பதற்குத்தான் கவிழ்த்து வைப்பதே. இவர்களுக்கு அது தேவையே இல்லை போலிருந்தது.

மைதேக்கு அதில் கர்வம் உண்டு. சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பவள் என்று மொண்டேவிடேயோ நகரில் பெயர் வாங்குவது லேசா என்ன? இப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் இணையதளம். இரண்டு பேர் ஒரே நொடியில் தட்டினால் ஒரே இருக்கையை இருவருக்கும் விற்றுவிடும். போன வாரம் அந்தக் கோளாறுக்கு மூவரும் ஐந்து போட்டார்கள். மைதே அன்றே கம்பெனிக்காரர் ரொசெண்டோவைக் கூப்பிட்டு, சுற்றுலா வாரத்துக்குள் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வாரம் ஊரே பஸ் ஏறும். ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் பெட்டியோடு வந்து நின்றால் அடிதடிதான்.

திங்கட்கிழமை மைதே குரலில்லாமல் வந்தாள். ஞாயிறு கால்பந்து ஆட்டத்தில் கத்தித் தீர்த்திருந்தாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“தோத்த டீமுக்கே இந்தக் கத்தா? ஜெயிச்சிருந்தா ஆஸ்பத்திரிலதான் வந்து பாத்திருக்கணும்,” என்றான் வில்மார். குழுவில் மூத்தவன், எதிரணியின் ரசிகன். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையில் வெந்நீரை ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் உறிஞ்சிவிட்டு முறைத்தாள்.

அதனால் அன்று மூவரில் இன்னொருவனான ஃபப்ரிசியோ படித்தான். பஸ் நேரம் அறிவிப்பவனைப் போல ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தான்: டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பப் போக வேண்டும். அட்டைகள் திரும்பின. மூன்று, எட்டு, இருபது.

மைதே அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாள் வாயை மூடியதும் இப்படியா என்று எரிச்சலாக வந்தது. இருபது போட்டவள் நிபியா. கூட்டத்தில் அவள் குரலையே யாரும் அதிகம் கேட்டதில்லை. ஆனால் அதிகம் போட்டவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

“ரத்து பண்ணினா சீட்டு காலியாகும் இல்ல? அந்தச் சீட்டே இன்னும் ரெண்டு பேருக்கு வித்துக்கிட்டிருக்கு,” என்றாள் நிபியா. “அது தீராம இதைத் தொட முடியாது. அது இப்போதைக்குத் தீராது.”

மைதே எழுந்து பலகையில் எழுதினாள்: அதற்கு ஐந்து போட்டீர்களே?

ஃபப்ரிசியோ தட்டிலிருந்து ஒரு பிஸ்கோச்சோ பன்னை எடுத்து, தின்னாமல் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“நீ ‘இது ஒண்ணுமில்ல, குட்டி வேலை’ன்னு சொல்லிட்டுத்தானே படிச்சே,” என்றான் வில்மார். “அதுக்கப்புறம் எவன் இருபது போடுவான்?”

“நீங்க சிரிச்சா மூணு, பெருமூச்சு விட்டா எட்டு,” என்றான் ஃபப்ரிசியோ. “நான் சேர்ந்த முதல் வாரமே வில்மார்தான் சொல்லிக் கொடுத்தார்.”

வில்மார் சிரிக்கப் பார்த்தான். மைதேயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

குரல் மட்டும் இருந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் மூவரையும் மடக்கியிருப்பாள், அவர்களும் தலையாட்டியிருப்பார்கள். அது உறைத்ததும்தான் அவமானமாக இருந்தது. ஊரே பார்த்து வியந்த ஒற்றுமை, தன் முகத்தை மூன்று பேர் படித்த ஒற்றுமை.

பலகையில் மறுபடி எழுதினாள்: சீட்டு வேலை. திரும்பப் போடுங்கள். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அட்டைகள் மேஜையில் விழும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. எல்லாம் அடங்கிய பிறகு திரும்பினாள். பதிமூன்று, இருபது, நாற்பது.

அவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். மைதே ஒரு வார்த்தை சொல்லாமல், சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மூவரும் இருபதுக்கு வந்து நின்றார்கள். அவள் கொடுத்த தேதி போயே போய்விட்டது. அதை இன்றைக்கே ரொசெண்டோவிடம் சொல்லியாக வேண்டும்.

மைதே போனை எடுத்தாள். தொண்டையைத் தடவிக் காட்டிவிட்டு வில்மாரைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். நிபியாதான் கையை நீட்டி வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

“மைதே இல்லையா?” என்றார் ரொசெண்டோ.

“இங்கதான் இருக்காங்க, தொண்டை கட்டிருக்கு. கேட்டுக்கிட்டிருக்காங்க.”

“சரி, சீட்டு விஷயம் என்னாச்சு? வாக்குக் கொடுத்திருக்கா, ஞாபகமிருக்கில்ல?”

மைதேக்கு எப்படியாவது முடித்துவிடலாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே ஜாடை காட்டத் தோன்றியது, காட்டியும் விட்டாள். நிபியா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மேஜையில் கிடந்த அட்டைகளைப் பார்த்தபடி, “சுற்றுலா வாரத்துக்குள்ள முடியாது சார்,” என்றாள்.

மைதே சரி என்று மெல்லத் தலையாட்டினாள். அதை யாரும் பார்க்கவில்லை.