நஜ்லாவின் சனிக்கிழமைகள்

சுபஹு தொழுத கையோடு நஜ்லா அரிசி ஆலைக்கு வந்துவிட்டாள். கடற்பக்கம் இன்னும் வெளுக்கவில்லை. அவியல் தொட்டியின் அடிக்கதவை அடுப்படிக்காரர் பளீல் நெம்பித் திறந்ததும் வெந்த நெல் ஆவியைக் கக்கிக்கொண்டு தள்ளுவண்டிக்குள் சரிந்தது. அவளும் றஞ்சிதமலரும் ஆளுக்கொரு கைப்பிடியாய் வண்டியைத் தள்ளிப்போய்ச் சீமெந்துக் களத்தில் கவிழ்த்தார்கள். பலகையால் இழுத்துப் பரப்பும்போது சூடு உள்ளங்காலில் ஏறியது. உமிப்புகை முக்காட்டுக்குள் புகுந்து கண்ணைக் கரித்தது.

"பாத்துப் போ புள்ள. கால் வெந்தா வகுப்புக்கு நொண்டிக்கொண்டுதான் போவாய்."

"நொண்டினாலும் பட்டதாரி பட்டதாரிதான் மலரக்கா."

"ஓமோம். பட்டதாரி கிண்டின நெல்லு, அரிசி இங்கிலீசில வேகும்."

நஜ்லா சிரித்தாள். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாத முடிவில் ஆலை மூடப்படுகிறது. வேலை இழப்பவர்களுக்கென்று புதிதாக வந்திருந்த உதவிப்பணம் கிடைத்தால், வெளிவாரிப் பட்டத்தின் கடைசி வருடத்தை எப்படியும் முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் கட்டாருக்கு வீட்டுவேலைக்குத்தான் போகவேண்டும். ஏஜென்சிக்காரர் வீட்டுக்கே வந்து கதைத்துவிட்டுப் போயிருந்தார். கடவுச்சீட்டுக்குப் படம் எடு மகள் என்று உம்மாவும் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டாள்.

பணத்துக்கு, இவர் இங்கே வேலை செய்தவர் என்று முதலாளி ஒப்பம் வைத்த உறுதி வேண்டும். உறுதி கொடுத்த ஒவ்வொருவருக்கும் முதலாளியும் தன் பங்கைக் கட்டவேண்டும். ஆலை முதலாளி முகைதீன்பாவா ஹாஜியாருக்கு அங்கேதான் இடித்தது.

ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. முறைப்படி சனிக்கிழமை றஞ்சிதமலருக்கு லீவு, நஜ்லாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை நஜ்லாவுக்கு லீவு, றஞ்சிதமலருக்கு வேலை. ஆனால் நஜ்லாவின் வகுப்பு சனியில், றஞ்சிதமலரின் மாதா கோயில் பூசை ஞாயிறில். இருவரும் நாளை மாற்றிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பளீல் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், கல்முனை ஜெப்றி அவருக்காக அடுப்புக்கு உமி தள்ளுவான். நோன்பு மாதத்துப் பின்னேர வேலைகளைக் கிறிஸ்தவர்கள் தாங்குவார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு மற்றவர்கள் தாங்குவார்கள். யார் நின்றாலும் வரவேட்டில் முறைக்குரியவரின் பெயரிலேயே வரவு விழும். அதில் களவு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒருவர் வணக்கத்துக்கு இன்னொருவர் முதுகு கொடுப்பது நன்மை என்றே இருந்தார்கள்.

வெயில் ஏறியபோது தொழில் அதிகாரி ஞானரட்ணம் உதவிப்பணத்துக்குப் பெயர் பதிய வந்து, அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். நஜ்லாவின் பெயர் வந்ததும் ஹாஜியார் குறுக்கே விழுந்தார்.

"இவ வேலையாள் இல்ல சேர், மாணவி. சனிக்கிழமை முழுக்க வகுப்புல இரிக்கா. வரவுல மட்டும் இஞ்ச நிண்டதா இரிக்கி. கள்ள வரவு போட்ட ஆளுக்கு நான் எப்படி உறுதி தாற?"

ஞானரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். "படிக்கிறது குற்றமில்ல தங்கச்சி. வார இறுதியில படிச்சிக்கொண்டு வேலை செஞ்சவைக்கும் உரிமை இருக்கு. ஆனா உண்மையைச் சொல்லுங்க. சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"வகுப்பில சேர்."

"அப்ப உங்கட வேலையை ஆர் செஞ்சது?"

நஜ்லா களத்துப் பக்கம் பார்த்தாள். சொன்னால் றஞ்சிதமலரின் பெயரும் வெட்டுப்படும். புருஷன் போனபிறகு இரண்டு பிள்ளைகளோடு தனித்து நிற்கிறவள்.

"அதச் சொல்ல மாட்டன் சேர். என்ட பேர வெட்டிருங்க."

"பாத்தீங்களா, படிச்ச புள்ளைட லெச்சணத்த!" என்றார் ஹாஜியார்.

களத்தில் பலகையைப் போட்டுவிட்டு றஞ்சிதமலர் விறுவிறுவென்று வந்தாள். "நான்தான் ஐயா செஞ்சன். சனி அவட வேலையை நான். ஞாயிறு என்ட வேலையை அவ. எழுதுங்க."

"மலர், உன்ட காசும் போகும். சொல்லிப்போட்டன்."

"போனாப் போகட்டும் ஹாஜியார். இந்தப் புள்ளைட முகத்தில நான் முழிக்க வேணாமா?"

பளீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். "ஹாஜியார், வெள்ளிக்கிழமை நான் உங்களுக்குப் பக்கத்துல நிண்டு தொழுற. அப்ப அடுப்பு தானா எரிஞ்சதா? நாள மாத்தித் தாங்க எண்டு கேட்டம். 'உங்களுக்குள்ள பாத்துக்கங்க, மில் ஓடினாச் சரி' எண்டு சொன்ன ஆரு? அந்த அரிசி வித்த காசு ஹலால், எங்கட வரவு மட்டும் ஹறாமா?"

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். ஹாஜியார் கழுத்துச் சால்வையை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

ஞானரட்ணம் பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் எழுதினா எல்லாருடைய விஷயமும் மேலிடத்துக்குப் போகும். சுணங்கும். கிடைக்காமலும் போகலாம்."

"வேணாம் சேர்," ஹாஜியார் அவசரப்பட்டார். "மத்த எல்லாருக்கும் இப்பவே ஒப்பம் வெக்கிறன். இவ ஒருத்திய மட்டும் விடுங்க."

களத்தில் நின்றவர்கள் நஜ்லாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நஜ்லா நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஓர் அடுப்பு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சரி என்று அவர்கள் சொன்னாலும் கோபிக்கக் கூடாது என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

"எழுதுங்க சேர்," என்றான் ஜெப்றி. "வெள்ளிக்கிழமை அடுப்படியில நான். எல்லாரையும் சேத்து எழுதுங்க. அவ இல்லாம எங்களுக்கு ஒப்பம் வேணாம்."

ஒவ்வொருவராக வந்து, யாருக்காக எந்த நாளில் நின்றார்கள் என்று சொன்னார்கள். ஞானரட்ணம் எழுதினார். "முடிவு என்ட கையில இல்ல. நீங்க சொன்னதச் சொன்னபடி எழுதியிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அது கேற்றைத் தாண்டியதும் ஹாஜியார் திரும்பினார். "நஜ்லா, இனிக் களத்துல கால் வெக்காத."

வேலை நின்றது. பலகைகள் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தன. நடுக்களத்தில் புதிதாகக் கொட்டிய குவியல் புகைந்துகொண்டிருந்தது.

"அள்ளிப் பரப்புங்கடா! நெல்லு புளிச்சிப் போகும்!"

அப்போதும் ஒருவரும் அசையவில்லை. நஜ்லா குவியலைப் பார்த்தாள். எந்த வயற்காரன் எந்த வயற்கண்டத்தில் குனிந்து வளர்த்த நெல்லோ. எந்தப் பிள்ளையின் சோற்றுப் பீங்கானுக்குப் போகப்போகிறதோ. அல்லாஹ் தந்த றிஸ்க், மனிதரின் உணவு, யாருடைய வீம்புக்காகவும் அழுகக் கூடாது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினாள்.

"இறங்காத எண்டனே!"

"இண்டைக்கு என்ட முறை ஹாஜியார். என்ட பேர்ல, என்ட கூலிக்குத்தான் இறங்குறன்."

பலகையைக் குவியலில் ஊன்றி இழுத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. மறுபக்கம் இன்னொரு பலகை உரசியது, அப்புறம் இன்னொன்று. சற்று நேரத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வாசலில் நின்றார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை நேரத்தோட வகுப்புக்குப் போ," என்றாள் பக்கத்தில் வந்த றஞ்சிதமலர். "ஆராவது கேட்டா, களத்தில நான் நிக்கிறன் எண்டு சொல்லு."

"சொல்லுவன் அக்கா," என்றாள் நஜ்லா. "சத்தமாகச் சொல்லுவன்."