தடுப்பு ஏறிய மீன்

பிரிஸ்பேனில் ஒரு மீன் ஆய்வுக்கூடம். அங்கே நொலீன் பாஸ்கோ என்கிற அம்மாள் ஒரு காரியம் செய்திருந்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீனுக்கு இடுப்புத் துடுப்பு முளைக்க வைக்கிற மரபணு ஒன்று உண்டு. அதை முடுக்கிவிட ஒரு ஸ்விட்ச்சும் உண்டு. மரபணுவைத் தொடாமல் ஸ்விட்ச்சை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். பிறந்த குஞ்சுகள் வளர்ந்து, இடுப்புத் துடுப்பே இல்லாமல், துடைத்துவைத்த கரண்டி மாதிரி வழவழவென்று திரிந்தன.

கூடத்தின் தலைவர் வான் டியர்னி அவளோடு ஒன்றாகப் படித்தவர். அதனால் மரியாதையெல்லாம் கிடையாது.

"கத்திய வச்சா எதுதான் கெடாது நொலீன்? ரேடியோவுல ஒரு கம்பியப் புடுங்கிட்டு, பாட்டு இந்தக் கம்பியிலதான் இருந்துச்சும்பியா?"

"வேற கம்பி போட்டுப் பாட வைக்கிறேன். அப்ப என்ன சொல்லுவ?"

"வை பாப்போம். புதுத் துடுப்பு அதோட புள்ளைங்களுக்கும் வரணும். ஈஸ்டருக்குள்ள வரலைன்னா உன் அலமாரி எனக்கு. என் மீனுங்க இடமில்லாம ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்குதுங்க."

தொட்டிகள் அடுக்கிய அந்த அலமாரி போனால் நொலீனின் ஆராய்ச்சியும் அதோடு போனதுதான். அவள் மேரி ஆற்றில் துடுப்பைக் கால் மாதிரி ஊன்றி நகர்கிற நுரையீரல் மீனிடமிருந்து அதே ஸ்விட்ச்சைக் கடன் வாங்கினாள். சுற்றியிருக்கிற மலைகள் குழந்தையாக இருந்தபோதே அவற்றைப் பார்த்த மீன் வம்சம் அது. துடுப்பில்லாத வரிமீனின் முட்டையில் அந்த ஸ்விட்ச்சை ஏற்றினாள். ஓர் ஆண் மீனுக்கு முளைத்தது பாருங்கள் துடுப்பு! தொட்டித் தரையில் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, மதுக்கடை மேசையில் முழங்கை வைத்த ஆசாமி மாதிரி, போகிற வருகிறவர்களை நிதானமாகப் பார்த்தது.

இனி அதற்குப் பிள்ளை பிறக்க வேண்டும். சாயங்காலம் ஒரு பெட்டியில் தடுப்பு வைத்து, இந்தப் பக்கம் ஆணையும் அந்தப் பக்கம் துடுப்பில்லாத பெண்ணையும் விடுவார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டை விழும். விழுந்த நேரம் தெரியாத முட்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அந்தக் கூடத்துச் சட்டம். ஜாதகம் எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு கறார் கிடையாது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் தடுப்பு போட்டது போட்டபடி இருக்கிறது. ஆண் மட்டும் பெண் பக்கம். முட்டையும் விழுந்து கிடக்கிறது, எப்போது விழுந்ததென்று தெரியாமல். அடுத்த முறையும் அதே கதை.

"தடுப்ப வைக்க மறந்துட்டு, காலையில வந்து செருகிடுற" என்றார் வான். "வயசாயிருச்சு உனக்கு."

"உன்னைவிட ரெண்டு மாசம் சின்னவ நான். நீயே வையேன் இன்னிக்கு."

வானே வைத்தார். மூடியும் போட்டார். காலையில் விளக்கு எரிவதற்கு முன்பே தேநீர்க் கோப்பையோடு பெட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நொலீன் பக்கத்தில் நின்றாள்.

விளக்கு எரிந்தது. ஆண் மீன் தடுப்பண்டை வந்தது. இரண்டு துடுப்பையும் அதில் பதித்து ஓர் எக்கு எக்கியது. இன்னோர் எக்கு. தண்ணீருக்கு மேலே வந்து, மூடிக்கும் தடுப்புக்கும் நடுவிலிருந்த சந்தில் வயிற்றை வைத்து, வேலி தாண்டுகிற பக்கத்து வீட்டுக்காரன்போல அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கியது.

"குதிக்கல" என்றார் வான்.

"குதிக்கல."

"ஏறுது."

"ஏறுதுப்பா. முட்டை விழுது பாரு, மணியப் பாத்துக்க."

வான் மணியைப் பார்த்தார். தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முன்வாரம் குஞ்சுகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்குத் துடுப்பு இருந்தது, பாதிக்கு இல்லை.

"பாதிதானா?"

"ஸ்விட்ச் அப்பன்கிட்ட மட்டும்தான், அதுவும் ஜோடியில ஒண்ணுலதான். பாதிக்குத்தான் போகும். எல்லாத்துக்கும் வந்திருந்தாதான் நான் பயந்திருப்பேன்."

வான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "பாடுது நொலீன்! சுருதி சுத்தமாப் பாடுது!" என்று கத்தினார். அடுத்த அறையிலிருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்திழுத்துத் தன் மீன்போல அவரே காட்டினார். பிறகு தன் தொட்டிகளைத் தானே தூக்கி ஒதுக்கத் தொடங்கினார்.

"என்னப்பா பண்ற?"

"இன்னொரு அலமாரி வேணுமா வேணாமா உனக்கு?"

"குடு, குடு. இதுங்களுக்கு நடக்க இடம் வேணும்."