துண்டு எடுத்த பிறகு

ஆண்டிச்சாமி வண்டியைத் தொடாமல் ஒரு சுற்று வந்தார். முப்பது வருடம் மாட்டுச் சந்தையில் தரகு பேசி நின்ற கால்கள். வாங்க வந்த பொருளைக் கண்ணெடுத்துப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கணக்கு. மூன்று சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, பின்னால் எஞ்சினும் விசிறியும், தலைக்கு மேலே முக்கோணமாக விரிந்த துணிச் சிறகு. டிரைக் என்று பெயர், ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் என்று வழியெல்லாம் சொல்லித்தான் ஆத்மநாதன் அவரைக் கூட்டிவந்திருந்தான்.

"ஆட்டோவுக்குக் கொடை புடிச்ச மாதிரியில்ல இருக்கு மாப்ள" என்றார், விற்பவள் காதில் விழும்படி.

சத்யா சிரித்தாள். அவளுக்கு முப்பத்தோரு வயது. ஆத்மநாதனுக்கு நாற்பத்துநான்கு. சிங்கப்பூர் கப்பல்பட்டறையில் பதினான்கு வருடம் வெல்டராக இருந்துவிட்டு வந்து, இலுப்பூரில் கிரில் பட்டறை போட்டவன். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் பறக்கக் கற்றுக்கொள்கிறான். இன்னும் தனியாக ஏறியதில்லை. விராலிமலை போகும் வழியில் குத்தகைக்கு எடுத்த இந்தச் செம்மண் பொட்டல்தான் அவளுடைய ஓடுதளம். சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தை வாங்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, வண்டியை நிறுத்தத்தான் இடமில்லை. நானே வாங்கிக்கிறேன் மேடம் என்றான் ஆத்மநாதன். அவள் ஒரு விலை சொன்னாள். நியாயமான விலை. தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். மனைவி செவந்தி ஒரே கேள்விதான் கேட்டாள். "எங்கண்ணன் பாக்காம நம்ம வீட்டுக்கு ஒரு கோழியாச்சும் வந்துருக்கா?"

அண்ணன் இப்போது முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குளம்பைப் பார்ப்பதுபோலச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன தாயி, காயம்?"

"ஒரு லேண்டிங்ல முட்டிருச்சுங்க. சரிபண்ணியாச்சு."

"என் தங்கச்சி சொல்லுச்சு. அன்னைக்கு அதுவும் இங்கனதான் நின்னுச்சாமே. நீ ஓட்டித்தான் முட்டுனியாம்."

சத்யா ஆத்மநாதனைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"ஆமாங்க" என்றாள்.

அது பொங்கல் விடுமுறை. ஆத்மநாதன் பறப்பதைச் செவந்தியும் மகளும் முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தார்கள். இறங்கும்போது தரை நெருங்கியதும் கைக்கம்பியை முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் மூக்கு உயரும். சத்யா நூறு தடவை சொல்லியிருந்தாள். தரை சட்டென்று பெரிதாகி மேலே வந்தபோது முன்னிருக்கையிலிருந்த ஆத்மநாதன் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுத்துவிட்டான். பயந்தவன் எதையும் தன் பக்கம்தான் இழுப்பான். முன்சக்கரம் மண்ணில் குத்தியது. வண்டி பக்கவாட்டில் தேய்ந்துபோய் நின்றபோது புழுதிக்குள்ளிருந்து செவந்தி ஓடிவந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு. பின்னிருக்கையிலிருந்து சத்யாவின் குரல்தான் முதலில் வந்தது. "பயப்படாதீங்கக்கா, ஒண்ணுமில்ல. நாந்தான் அவசரப்பட்டு எறக்கிட்டேன்." ஆத்மநாதன் கம்பியை இன்னும் விடவில்லை. இல்லை, நான்தான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட் வாரைக் கழற்றுவதில் மும்முரமானான். செவந்தி கத்தித் தீர்த்தாள். "எம் புருசன் உசுரு ஒனக்கு வெளையாட்டாடீ?" சத்யா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

மறுவாரம் ஃபோர்க்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். பையன்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தனியாக நிமிர்த்தி வெல்டிங் வைத்து ஒட்டினான். அதற்குக் காசு பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி இருவரும் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலிருந்ததை அவன் ஒருவித நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டுப்போட்டவன் எவன்? கோழி கெளறுன மாதிரி வச்சிருக்கான்" என்றார் ஆண்டிச்சாமி.

அவன் கைப்பட வைத்த ஒட்டுகளிலேயே சுத்தமானது அது. அதைக்கூட அவனால் எடுத்துப் பேச முடியவில்லை.

"கால் ஒடிஞ்ச மாடு தாயி. பூட்டுனா நடக்கும், நான் இல்லேங்கல. ஆனா ஒடிஞ்சதுக்குன்னு ஒரு வெல இருக்குல்ல?"

ஆத்மநாதன் பேசுவான் என்று காத்திருப்பதுபோல நின்றாள் சத்யா. ஆத்மநாதன் பொட்டலின் கோடியில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்தான். பேச்சு முடியட்டும், காரில் போகும்போது மச்சானிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். விலை குறைந்தால் நமக்குத்தானே என்று இன்னொன்றும் கூடவே ஓடியது. அதை அவன் கேட்காததுபோல இருக்கப் பார்த்தான். வாய் திறக்காததற்குப் பயம் பாதி, ஆசை பாதி.

ஆண்டிச்சாமி தோள்துண்டை எடுத்து உதறினார். பிறகு தயங்கினார். "எங்க தொழில்ல வெலைய வாயால சொல்றதில்ல. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் பேசுவோம். நீ பொம்பளப் புள்ளையா இருக்க..."

"நாந்தான் வண்டிய முட்டுனேன்னு சொல்றப்ப ஆம்பள பொம்பள பாக்கலியேங்க" என்று சொல்லிவிட்டு அவள் கையை நீட்டினாள். "சொல்லித்தாங்க. நான் வெரசாக் கத்துக்குவேன்."

அவர் சிரித்துக்கொண்டே எந்த விரலுக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்தார். துண்டு இரண்டு கைகளையும் மூடியது. ஆத்மநாதனுக்கு முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஆண்டிச்சாமி வானத்தைப் பார்த்தபடி இருந்தார். சத்யாவின் புருவம் ஏறியது. அவள் கையை உருவப் பார்த்தாள், அவர் விடவில்லை. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நடுவில் அவள் பார்வை துண்டைத் தாண்டி ஆத்மநாதனின் சட்டைப் பொத்தான் வரை வந்து திரும்பியது. அதற்குமேல் ஏறவில்லை. அப்புறம் தலையசைத்தாள்.

"முடிஞ்சுச்சு." ஆண்டிச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆத்மநாதன் காதில் தொகையைச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

"மச்சான், அன்னைக்கு ஓட்டுனது நான்."

குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஆண்டிச்சாமி அவனையும் சத்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அட கள்ளா! நானும் என்னமோ ஒன்னய வெவரமில்லாத ஆளுன்னு நெனச்சேன். பேச்சு முடியிற மட்டும் கல்லு மாதிரி நின்ன பாரு! தரகுக்கு நீ வரணும் மாப்ள, நான் வெல்டிங் பாக்கப் போறேன்."

அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே மெச்சினார். ஆத்மநாதனுக்குக் காதுமடல் சுட்டது.

"இல்ல மச்சான். மேடம் மொதல்ல சொன்ன வெலையவே குடுத்துருவோம்."

ஆண்டிச்சாமியின் சிரிப்பு நின்றது. "துண்டு எடுத்த பெறகு வெல எறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. இன்னைக்கு நீ ஏத்துனா, நாளைக்கு எந்தச் சந்தையில நான் கைய நீட்ட? நீ சொல்லு தாயி."

"எனக்கு அது பெருசில்லண்ணே" என்றாள் சத்யா, ஆத்மநாதனைப் பார்த்து. "அக்காகிட்ட மட்டும் சொல்லிருங்க. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தாங்க. நான் சிரிச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க."

"சொல்றேன் மேடம்."

"அது எதுக்கு?" என்றார் ஆண்டிச்சாமி. "நீதான் குப்புறத் தள்ளுனேன்னு தெரிஞ்சா தங்கச்சி இந்த வண்டியில ஒன்னய ஏற விடுமா? வித்துட்டு மறுசோலி பாக்கச் சொல்லும்."

அது உண்மை. மூவருக்குமே அது தெரிந்திருந்தது.

"சரி, கயித்த அவுத்துக்க தாயி" என்றார் ஆண்டிச்சாமி. மாட்டை விற்றவர் பழைய கயிற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமி போனதுபோல. இதில் எது கயிறு என்று சத்யா யோசித்தாள். பிறகு முன்குழாய்க்குப் போனாள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்க்க ஒரு சாண் சிவப்புக் கம்பளிநூல் அதில் கட்டியிருந்தது. வெயிலிலும் புழுதியிலும் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள்.

"அறுத்துறாத. அவுக்கணும்" என்ற ஆண்டிச்சாமி, அதற்குள் போனை எடுத்துத் தங்கைக்கு அடித்திருந்தார். எப்போதும்போல ஸ்பீக்கரில்தான் போட்டார்.

"என்னண்ணே, முடிஞ்சுச்சா? அந்தப் புள்ள எதும் ஏமாத்திறலையே?" செவந்தியின் குரல் பொட்டல் முழுக்கக் கேட்டது.

"எங்கிட்டயா? இந்தா, மாப்ள பேசுறாரு." போனை ஆத்மநாதன் கையில் திணித்தார்.

சத்யா திரும்பவில்லை. குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"என்னங்க, கேக்குதா?"

நூலின் ஒரு முனை விடுபட்டது. இன்னொரு முனை குழாயோடு இருந்தது. காற்றில் அது நேராக நீண்டு, அவள் கன்னத்தில் பட்டுப் பட்டு விலகியது.

"என்னங்க?"